முதல் பனிக்காலப் பயணம்: ஸ்னோஷூ நடை, விலங்கு பார்த்தல், ஐஸ் ஹாக்கி

பனியில் நடப்பது, காட்டு விலங்குகளைத் தேடிப் பார்ப்பது, உறைந்த ஏரியில் ஹாக்கி ஆடுவது என மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் குளிரை நினைத்தே கவலைப்படுவார்கள். குளிருக்குத் துணி இருக்கிறது. தொல்லை கொடுப்பது வியர்வைதான். ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகலச் சட்டம்) மாட்டிக்கொண்டு ஏற்றம் ஏறினால் உடம்பு கொதிக்கும். விலங்குக்காகக் காத்திருக்கும்போது அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். ஹாக்கியில் ஒரு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் ஓரத்தில் நிற்பது என்று மாறிமாறி வரும். நடையில் நனைந்த உள்சட்டையோடு விலங்கு பார்க்க நின்றால் பத்தே நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். உடுப்பு, நேரம், நாட்களின் வரிசை எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

நாட்களை அடுக்கும் முறை

நான்கு நாள் போதும். முதல் நாள் உள்ளரங்க ரிங்க்கில் (ஐஸ் சறுக்குத் தளத்தில்) ஒரு மணி நேரம் ஸ்கேட்டிங் பழகுங்கள். அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் சமதரையில் 3 அல்லது 4 கி.மீ. ஸ்னோஷூ நடை. மூன்றாம் நாள் விடியலில் விலங்கு பார்க்கப் போங்கள். எந்தப் பக்கம் போவது என்பதை முந்தைய நாள் நடையில் கண்ட தடங்களே சொல்லிவிடும். ஹாக்கி ஆட்டம் கடைசி நாளில்.

ஹாக்கியை முதலில் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும், வைக்காதீர்கள். மணிக்கட்டு சுளுக்குவதும் முழங்கால் வீங்குவதும் அங்கேதான். அப்புறம் மீதி மூன்று நாளும் ஜன்னல் வழியாகப் பனியை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஸ்கேட்டிங்கும் ஸ்னோஷூவும் உள்தொடையையும் இடுப்பின் முன்பக்கத் தசையையும் ஒன்றுபோலவே இழுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு தூக்கமாவது தேவை.

எந்த மாதம்? 60 டிகிரி வட அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. பிப்ரவரி கடைசியில் அதே இடத்தில் பத்து மணி நேரத்தைத் தொட்டுவிடும், பனியும் அதற்குள் அமுங்கிக் கெட்டிப்பட்டிருக்கும். அதனால் புதியவர்களுக்கு பிப்ரவரிதான் தோது. மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டால் பல இடங்களில் ஏரி ஐஸை நம்ப முடியாது.

உடுப்பு

பருத்தி வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ், பனியன், சாதாரண சாக்ஸ் எல்லாம் இதில் அடக்கம். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடாது. அந்த ஈரம் உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றையும் நீரையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். இவை நடக்கும்போது போட்டுக்கொள்ள. இறகு நிரப்பிய தடித்த ஜாக்கெட் பைக்குள் இருக்க வேண்டும், நிற்கும்போதுதான் அது வெளியே வரும். அதைப் போட்டுக்கொண்டே நடக்கத் தொடங்குவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நெற்றியில் ஈரம் தெரிந்ததுமே ஜிப்பைத் திறங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். சட்டை நனைந்தபிறகு கழற்றிப் பயனில்லை. மாற்று உள்சட்டை ஒன்றை நீர்புகாப் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

கால் சில்லிட்டால் இரண்டு ஜோடி சாக்ஸ் போடத் தோன்றும். பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும்தான் சில்லிடும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒரே ஜோடி, விரல்களை உள்ளே அசைக்க இடம் விடும் பூட்ஸ், அது போதும். கைக்கு மெல்லிய கையுறை ஒன்று, அதன்மேல் விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன். வெறுங்கையால் கொக்கி மாட்டாமல் இருக்கவே அந்த மெல்லிய கையுறை.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. இந்தக் கணக்கு மைனஸ் 28-ஐத் தாண்டிக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். மூக்கு நுனி, காது, கன்னம் மூன்றையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுத்து மெழுகுபோல் ஆன இடம் மரத்துப்போவதால் உங்களுக்கே தெரியாது. தேய்க்கக் கூடாது. வெறும் உள்ளங்கையை வைத்து மூடி, காற்றில்லாத இடத்துக்குப் போங்கள். யாராவது பேச்சு குழறினாலோ, காரணமில்லாமல் தடுமாறினாலோ, ஜிப்பைப் பிடிக்க விரல் வராமல் திணறினாலோ, உடம்புச் சூடு இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு அத்தோடு திரும்பிவிடுங்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஸ்னோஷூ

ஸ்னோஷூ உங்கள் எடையை அகலமான பரப்பில் பரப்பிவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அதனால் அளவை எடையை வைத்துத்தான் எடுக்க வேண்டும், கால் அளவை வைத்து அல்ல. எடை என்றால் பை, பூட்ஸ், உடுப்பு எல்லாம் சேர்த்து. 25 அங்குலம் ஏறத்தாழ 55 முதல் 90 கிலோ வரை, 30 அங்குலம் 80 முதல் 110 கிலோ வரை தாங்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும், உடன் வரும் அட்டவணையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே விழுந்தால் மிதிபட்ட பாதைக்குச் சிறியது, புதிதாய் விழுந்த மாவுப்பனிக்குப் பெரியது. எந்த அளவானாலும் புதுப்பனியில் 10, 20 செ.மீ. அமுங்கவே செய்யும்.

மாட்டும் முறை இதுதான்:

1. கொக்கிகள் வெளிப்பக்கம் வரும்படி இடது வலது பாருங்கள். உட்பக்கம் வந்தால் நடக்கும்போது ஒன்றோடொன்று சிக்கும்.
2. காலடியின் முன்பந்து, ஸ்னோஷூவின் சுழலும் அச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். குதிகாலைத் தூக்கினால் பூட்ஸ் நுனி முன்னாலிருக்கும் திறப்பில் எதிலும் இடிக்காமல் கீழே இறங்க வேண்டும்.
3. முன்பட்டையை முதலில் இறுக்கி, குதிகால் பட்டையைக் கடைசியில் இறுக்குங்கள்.
4. ஐந்து நிமிடம் நடந்ததும் நின்று மறுபடி இறுக்குங்கள். பட்டைக்கு அடியில் சிக்கிய பனி அமுங்கி எல்லாம் தளர்ந்திருக்கும்.

கால்களை வழக்கத்தைவிடச் சற்று அகட்டி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினால் நடை வந்துவிடும். பின்னோக்கி மட்டும் நடக்காதீர்கள்: பின்வால் பனியில் குத்தி, நேராக முதுகில் சாய்த்துவிடும். திரும்ப வேண்டுமானால் அரைவட்டமாக நடந்து திரும்புங்கள். ஏற்றத்தில் பூட்ஸ் நுனியைப் பனிக்குள் உதைத்து, அடியிலுள்ள இரும்புப் பற்கள் பிடித்தபின் எடையை ஏற்றுங்கள். குதிகாலுக்கு அடியில் தூக்கிவிடும் கம்பி இருந்தால் நீண்ட ஏற்றத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம், கெண்டைக்கால் பிழைக்கும். இறக்கத்தில் முழங்காலை மடக்கி, எடையைச் சிறிதே பின்னுக்கு வையுங்கள். நிறையச் சாய்ந்தால் பற்கள் பிடிப்பை விட்டுவிடும். சரிவைக் குறுக்கே கடப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

கைத்தடி இரண்டு வேண்டும், நுனியில் அகலத் தட்டு உள்ளதாக. விழுந்தால் அவைதான் எழுப்பிவிடும்: குப்புறப் புரண்டு, தடிகளைப் பெருக்கல் குறிபோல் பனிமேல் வைத்து, அவை குறுக்கிடும் இடத்தில் கையூன்றி முழங்காலுக்கு வாருங்கள். வெறுங்கையை ஊன்றினால் தோள் வரை உள்ளே போகும்.

தூரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோடையில் மணிக்கு 4 கி.மீ. நடப்பவர் மிதிபட்ட பனிப்பாதையில் 2 முதல் 3 கி.மீ. போவார். யாரும் மிதிக்காத ஆழப்பனியில் ஒரு கிலோமீட்டரே பெரிது. முன்னால் பாதை போடுபவர்தான் முழுப் பாரத்தையும் சுமக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் ஒதுங்கிக் கடைசிக்கு வர, அடுத்தவர் முன்னால் போகட்டும். அவர் வியர்க்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வண்டிக்கு வந்து சேரும்படி திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்து, யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும். தலைகீழாக இருந்தால் உறைவது அடிப்பக்கம், மூடி திறக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை அரை மணியில் அடைத்துக்கொள்ளும். கைபேசி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், வெளியே வைத்தால் குளிரில் பாட்டரி திடீரென்று அணைந்துவிடும்.

அபாயங்கள் இரண்டை மட்டும் மறக்கவே கூடாது. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் பொந்தாக இருக்கும். தலைகீழாக உள்ளே விழுந்தவர் தானாக வெளியே வருவது கடினம், மூச்சடைத்துவிடும். ஆழப்பனியில் மரத்தடியிலிருந்து விலகி நடங்கள். அடுத்தது பனிச்சரிவு. பெரும்பாலான சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. நீங்கள் சமதரையில் நடந்தாலும் மேலே அப்படிப்பட்ட சாய்வு இருந்தால் அது உங்கள் தலைமேல்தான் வரும். மலைப்பகுதி என்றால் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். ஸ்கீ ஓட்டுபவர்களுக்காக இயந்திரம் போட்ட இரட்டைத் தடத்தை மிதிக்கக் கூடாது என்பது அபாயமல்ல, மரியாதை.

விலங்கு பார்த்தல்

பனிக்காலத்தில் விலங்கை நேரில் பார்ப்பதைவிட அது விட்டுப்போன எழுத்தைப் படிப்பதே அதிகம் நடக்கும், சுவாரசியமும் அதில்தான். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழும். ஆகவே பெரிய இரண்டு தடங்கள் இருக்கும் பக்கமே அது போன திசை. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்து, முயல் கிளம்பிய இடத்துக்கே போய்ச் சேருவார்கள். நரி நூல் பிடித்தாற்போல் ஒற்றை வரிசையில் போகும். ஓநாயின் தடம் 10 செ.மீ.க்கு மேல், நக நுனிகள் பதிந்திருக்கும். லின்க்ஸ் பூனையின் தடமும் அந்த அளவுதான், ஆனால் வட்டமாக, நகமில்லாமல், பாத ரோமத்தால் ஓரம் மங்கியிருக்கும். நீர்நாய் நாலு தாவல் தாவி வயிற்றில் சறுக்கும், பனியில் வாய்க்கால் வெட்டியது மாதிரி தெரியும். எலியின் பொடித்தடம் வெட்டவெளியில் சட்டென்று நின்று, இருபுறமும் விசிறிபோல் இறகுக் கோடுகள் இருந்தால் ஆந்தை வந்து போயிருக்கிறது.

தடம் புதிதா என்பதைத் தெரிந்துகொள்ள, பக்கத்திலேயே உங்கள் விரலை அழுத்தி இரண்டின் விளிம்பையும் ஒப்பிடுங்கள். புதுத்தடம் உங்கள் விரல் குழியைப் போலவே கூராக, மெத்தென்று இருக்கும். சில மணி நேரமானால் விளிம்பு இறுகிவிடும், உள்ளே உறைபனித் துகளும் ஊசியிலையும் விழுந்திருக்கும். வெயில் பட்ட தடம் உருகி அகலும். ‘ஓநாய்த் தடம்’ என்று பரபரப்பாகப் படமெடுக்கப்படுபவற்றில் பல அப்படி வீங்கிய நாய்த்தடம்தான்.

விடியலும் அந்தியும் நல்ல நேரம். கடுங்குளிர் நாட்களில் நடுப்பகலில்கூட மூஸும் (மிகப் பெரிய மான் இனம்) மற்ற மான்களும் வெயில் படும் தென்சரிவுக்கு வரும். காற்று உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள், முதுகில் பட்டால் உங்கள் வாடை முன்னால் போய்விடும். நிற்கும் இடத்தில் பாய்போன்ற நுரைத்தாள் துண்டு ஒன்றைக் காலடியில் போடுங்கள். குளிர் பெரும்பாலும் பூட்ஸின் அடி வழியாகத்தான் ஏறும், இந்தத் துண்டு இருந்தால் கூடுதல் நேரம் நிற்கலாம். தடித்த ஜாக்கெட்டை நின்றவுடனே போட்டுக்கொள்ளுங்கள், குளிரெடுத்த பிறகு அல்ல. பிறகு காட்டில் கிடைக்கோடுகளைத் தேடுங்கள். மரங்கள் எல்லாம் செங்குத்து, விலங்கின் முதுகுதான் கிடையாக இருக்கும். வெள்ளையாகிவிட்ட முயலைக் காட்டிக்கொடுப்பவை கறுத்த காது நுனியும் கண்ணும். குளிர்காலத்தில் வெளுத்துவிடும் எர்மினை (கீரி போன்ற சிறு விலங்கு) காட்டிக்கொடுப்பது வால் நுனியின் கறுப்பு.

பைனாகுலர் 8×42 எடுங்கள். அந்தியின் மங்கலுக்கு அது போதும், மிட்டன் போட்ட கை நடுங்கினாலும் காட்சி தாங்கும். கேமராவில் வெளிச்ச அளவை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (கேமராவின் வெளிச்சப் படி) கூட்டுங்கள். இல்லாவிட்டால் கருவி பனியின் வெண்மையைக் குறைத்துச் சாம்பலாக்கிவிடும். அறைக்குள் நுழையும் முன் கேமராவையும் பைனாகுலரையும் மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். சூடான அறையின் ஈரம் பைக்கு வெளியே படியும், லென்ஸுக்குள் படியாது.

கனடாவின் தேசியப் பூங்காக்களில் மான், மூஸ் போன்றவற்றுக்கு 30 மீட்டர், கரடி, ஓநாய் போன்றவற்றுக்கு 100 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். வேறெங்கும் இதையே பின்பற்றலாம். பனிக்காலத்தில் விலங்கு சேர்த்துவைத்த கொழுப்பில்தான் வாழ்கிறது. ஆழப்பனியில் நூறு மீட்டர் ஓடவிட்டால் அதன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறீர்கள். அது தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உணவு போடுவதும், ஆந்தையை வரவழைக்க எலி காட்டுவதும் கூடாது. மூஸ் மிதிபட்ட பாதையை விட்டு இறங்காது. எதிரே வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். காதைப் பின்னால் மடக்கி, பிடரி ரோமம் சிலிர்த்து, உதட்டை நக்கினால் பாயப்போகிறது. பருத்த மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள்.

ஏரி ஐஸ்: முதலில் அளவு, பிறகு ஆட்டம்

கனடிய செஞ்சிலுவைச் சங்கம் ஒருவர் நடக்கவோ ஸ்கேட் செய்யவோ 15 செ.மீ., பலர் சேர்ந்து ஆட 20 செ.மீ. கனம் கேட்கிறது. இது தெளிந்த, நீலம் பாய்ந்த ஐஸுக்கான கணக்கு. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி வலுதான், கனத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறம் உள்ளே நீர் இருப்பதன் அடையாளம், அதில் கால் வைக்காதீர்கள். கனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கைத்துரப்பணத்தால் பல இடங்களில் துளைத்து அளக்க வேண்டும். ஓடை கலக்கும் இடம், ஏரி வழியும் வாய், நாணல் புதர், படகுத்துறை ஆகியவற்றின் அருகே மெலிந்திருக்கும். யாராவது அளந்து பராமரிக்கும் ரிங்க் இருந்தால் அதற்கே போங்கள்.

கழுத்தில் ஐஸ் குத்தி (ஐஸில் ஊன்றி ஏற உதவும் கூர்முனைக் கைப்பிடி) ஜோடி தொங்கட்டும், கரையில் கயிறு இருக்கட்டும். உள்ளே விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறலைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்கே. கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே பதற வேண்டாம், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்கவும் வேண்டாம். வந்த திசைக்கே திரும்புங்கள், அதுவரை உங்களைத் தாங்கிய ஐஸ் அது. கால்களை உதைத்து உடம்பைக் கிடைமட்டமாக்கி, குத்தியை ஊன்றி இழுத்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

ஹாக்கி

ஸ்கேட் பூட்ஸ் வழக்கமான செருப்பளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதாக இருக்கும். நேராக நின்றால் கட்டைவிரல் நுனி லேசாக உரச வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னுக்குப் போய் அழுந்தி, விரல் விடுபட வேண்டும். மெல்லிய சாக்ஸே போதும். நாடாவை விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் வளைவில் இறுக்கமாகக் கட்டுங்கள். ‘என் கணுக்கால் பலவீனம்’ என்று சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு நாடாவில்தான்.

வாடகை ஸ்கேட்டின் கூர்மையைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். நகத்தைத் தகட்டின் விளிம்புக்குக் குறுக்கே மெல்ல இழுத்தால் நகம் சிறிது சுரண்டப்பட வேண்டும். தகட்டுக்கு நடுவே பள்ளமும் இருபுறம் இரு விளிம்பும் உண்டு. ஒன்று மழுங்கியிருந்தாலும் அந்தப் பக்கக் கால் சறுக்கும். அரை அங்குல ஆரப் பள்ளம் புதியவர்களுக்குப் பொருந்தும். கடுங்குளிரில் ஏரி ஐஸ் உள்ளரங்கத்தைவிடக் கடினமாக இருக்கும் என்பதால் கூர் இன்னும் முக்கியம்.

தலைக்கவசம் முகக்கூண்டோடு, முழங்கை, முழங்கால் காப்பு, ஹாக்கிக் கையுறை, கழுத்துக்காப்பு. கடைசியானதை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பே 2023 டிசம்பரில் அதைத் தன் போட்டிகளில் கட்டாயமாக்கும் முடிவெடுத்தது. ஸ்டிக்கின் உயரம் ஸ்கேட்டோடு நிற்கையில் தாடைக்கு வர வேண்டும், செருப்போடு நின்றால் மூக்குக்கு. மேல் கை எப்போதும் ஸ்டிக்கை விடாத கை. வலக்கைப் பழக்கமுள்ள புதியவர் வலக்கையை மேலே வைத்துப் பார்க்கலாம், ஒரு கையால் பக்கை (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டை) காப்பது எளிதாகும்.

பழகும் வரிசை: முதலில் விழவும் எழவும். பக்கவாட்டில், இடுப்பு சதையில் விழுங்கள், கையை ஊன்றாதீர்கள், விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வருபவரின் தகடு இருக்கிறது. எழும்போது மண்டியிட்டு, ஒரு காலை ஊன்றி, அந்த முழங்காலில் இரு கையும் வைத்து எழுங்கள். அடுத்து முழங்காலை மடக்கிய நிலையில், உள்விளிம்பால் பக்கவாட்டில் தள்ளி முன்னேறுவது. நேர் பின்னால் தள்ளினால் தகடு வழுக்கும். பிறகு இரு குதிகாலையும் வெளியே விரித்து நிற்கும் முறை. இந்த மூன்றும் வராமல் ஸ்டிக்கைத் தொட வேண்டாம். ஸ்டிக்கில் சாய்ந்து நிற்கும் பழக்கம் வந்துவிட்டால் போகவே போகாது.

ஏரி ஆட்டத்துக்கு 30×15 மீட்டர் இடம் தாராளம். பனியை வழித்து ஓரத்தில் தாழ்வாக, பரவலாகக் கொட்டுங்கள். உயரமாகக் குவித்தால் அதன் பாரம் ஐஸை அமுக்கி, விரிசல் வழியே நீரை மேலே கொண்டுவரும். பக் 2.5 செ.மீ. கனம், 7.6 செ.மீ. விட்டம், 156 முதல் 170 கிராம் உள்ள கெட்டி ரப்பர். குளிர்ந்து இறுகினால் துள்ளாது, ஆகவே ஆட்டத்துக்குமுன் பனியில் புதைத்து வையுங்கள். விதிகள் மூன்று போதும்: பக்கைத் தரையை விட்டு எழுப்பக் கூடாது, உடம்பால் இடிக்கக் கூடாது, கோலி (கோல் காப்பாளர்) கிடையாது. இரண்டு பூட்ஸை இடைவெளி விட்டு வைத்தால் அதுவே கோல் வாசல். வெளியே நிற்பவர் உடனே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும், இங்கும் அதே வியர்வைக் கணக்குதான்.

அரங்கில் ஓர் ஆட்டம் பார்க்க வாய்ப்பிருந்தால் ஆடும் முன் பாருங்கள். 20 நிமிடப் பகுதி மூன்று, பக்கத்துக்கு ஐந்து ஆட்டக்காரரும் ஒரு கோலியும். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். பக்கையே துரத்தினால் கண் களைத்துவிடும். பக் இல்லாத ஆட்டக்காரர் எங்கே இடம் பிடிக்கிறார் என்று பாருங்கள், ஆட்டம் புரிந்துவிடும்.

அறைக்குத் திரும்பியதும் தகட்டைத் துடைத்துக் காயவையுங்கள், ஒரே இரவில் துரு ஏறும். ஈரமான தகட்டுக்கு உறை மாட்டினால் அதே கதிதான். தகட்டைத் துடைக்கும் துணி தனியாக இருக்கட்டும். பூட்ஸின் உள்மெத்தையை வெளியே எடுத்து, அடுப்புக்கோ ஹீட்டருக்கோ அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். நெருங்கி வைத்தால் அடிப்பசை இளகி மறுநாள் பாதையில் அடித்தோல் கழன்று வரும். ஸ்னோஷூ பட்டைகளைக் கொக்கி திறந்த நிலையில் காயவிட்டால் காலையில் உறைந்து அடம்பிடிக்காது.